விரதம் இருப்பவர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: எதற்காக இருக்கிறீர்கள்?

#1 அரைத்தூக்கம்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போது ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். மற்ற நாட்களில் மருத்துவர் சொன்னதை அப்படியே கேட்பவருக்கு, ஏகாதசி வந்தால் மட்டும் யார் பேச்சும் காதில் ஏறாது. பச்சைத் தண்ணீர் மட்டும்தான். "சாமியா உன்னைப் பட்டினி கிடக்கச் சொல்லிச்சு?" என்று நான் கேட்க, "உனக்கு அதெல்லாம் புரியாது, விடு" என்று அவர் முடிக்க, அதோடு அன்றைய பேச்சு நின்றுவிடும்.

புரியவில்லை என்பது உண்மைதான். ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலே எரிந்து விழுகிற ஆள் நான். அதனால்தான் கேட்கிறேன். வேதத்தில் இப்படி இருக்கிறது, விஞ்ஞானம் அப்படிச் சொல்கிறது என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். நீங்கள் ஏன் இருக்கிறீர்கள்? பக்திக்கோ, எடை குறைக்கவோ, கோபத்திலோ, எதற்காக இருந்தாலும் எழுதுங்கள். எந்த மதமானாலும் சரி, மதமே இல்லாவிட்டாலும் சரி. அடிதடி மட்டும் வேண்டாம்.

#2 கடைசிபெஞ்ச்

எங்கள் வீட்டில் விரத நாளன்றுதான் அடுப்பு அணையவே அணையாது. சோறு மட்டும்தான் கூடாதாம், மற்றதெல்லாம் ஆகுமாம். சாயங்காலத்துக்குள் வழக்கமாகச் சாப்பிடுவதைவிட இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும். கடவுளுக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட்டார்கள் போல.

நான் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன். யாராவது உருப்படியாகப் பதில் சொல்லட்டும்.

#3 பிறைநிலா

அரைத்தூக்கம், ரமலான் நோன்பு பற்றி என் பக்கத்தை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பசியைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். பசி பழகிவிடும். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி படுத்தும், அதுவும் பெரும்பாலும் காபி இல்லாத தலைவலி. விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். தாகம்தான் சோதனை. பிறைக் கணக்கு என்பதால் ரமலான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும். ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். கோடையில் விழுகிற வருடங்களில் பிற்பகலுக்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த நேரத்தில்தான் தொழுகைக்கு உளூ செய்யப் போவேன். குழாயைத் திறந்து கையில் தண்ணீர் பிடித்து வாய் கொப்பளிக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் வாய்க்குள் இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. ஒரு மிடறு உள்ளே போனாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. துப்பிவிட்டு வருவேன். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த ஒரு நொடிதான். தொழுவதைப் பிறர் பார்க்கலாம், தர்மம் செய்வதைப் பிறர் பார்க்கலாம். நான் நோன்பில் இருக்கிறேனா இல்லையா என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். "நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன்" என்று இறைவன் சொல்வதாக வரும் ஹதீஸை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழையின் பசியை உணரத்தான் நோன்பு என்று மேடைகளில் சொல்வார்கள். அது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நோன்பைக் கடமையாக்கிய குர்ஆன் வசனம் (2:183) சொல்லும் காரணம் இறையச்சம். அடுத்த வசனமே நோயாளிக்கும் பயணிக்கும் விலக்குத் தருகிறது. அதற்கடுத்தது, அல்லாஹ் உங்களுக்கு இலகுவைத்தான் நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்கிறது. உங்கள் அம்மாவின் வழி வேறு, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

#4 பழையபேனா

தம்பி, நானும் ஏகாதசிக்காரன்தான்.

ஆரம்பித்தது பக்தியில் இல்லை, பேரத்தில். மனைவி நோயில் படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டேன்: அவள் எழுந்து நடக்கட்டும், உயிர் உள்ளவரை ஏகாதசி இருக்கிறேன் என்று. அவள் எழுந்திருக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் பேரம் அன்றோடு முறிந்துவிட்டது, விட்டிருக்கலாம். விடவில்லை. ஏன் என்று என் மகளே கேட்டிருக்கிறாள், அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன்.

அந்த நாள் நீளமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். மற்ற நாட்களைச் சாப்பாட்டு வேளைகள் துண்டு துண்டாக வெட்டிவிடும். என்ன சமைப்பது, எப்போது உண்பது, உண்டபின் கண்ணைச் சொருகும் தூக்கம், பாத்திரம், மறுபடி அடுத்த வேளை. அத்தனையும் இல்லாத நாளில் காலை பத்து மணிக்கே நேரம் எங்கு பார்த்தாலும் கிடக்கிறது. முதலில் சலிப்பு வரும். பிறகு காரணமில்லாத எரிச்சல். பிற்பகலுக்கு மேல் இரண்டும் அடங்கிவிடும். அப்போது அவளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாமம் சொல்ல வேண்டிய நேரம்தான். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. எட்டு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் ஏகாதசி கட்டாயமில்லை, நோயாளிக்கும் இல்லை. அதிலும் தண்ணீர்கூட இல்லாத நிர்ஜலம், தண்ணீர் மட்டும், பாலும் பழமும், ஒருபொழுது என்று படிகள் வைத்திருக்கிறார்கள். அவரவர் உடம்பு தாங்குகிற படியில் நிற்கத்தான் அது. அம்மாவிடம் "விட்டுவிடு" என்று சொல்லாதே. "ஒரு படி இறங்கி இரு" என்று சொல்லிப் பார்.

#5 வெள்ளைக்கோட்டு

ஐயா சொன்னதை மருத்துவப் பக்கத்திலிருந்து அப்படியே வழிமொழிகிறேன். சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாப்பிடாத நாளில் உடம்பு முதலில் கைவைப்பது ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனில். சுமார் 100 கிராம் இருக்கும், ஏறத்தாழ ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். அது குறையக் குறையக் கொழுப்பு கரையத் தொடங்கி, ஈரல் அதைக் கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளாக மாற்றும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. பட்டினி நாள்கணக்கில் நீண்டால் மூளையே கீட்டோனுக்குப் பழகிக்கொள்ளும். ஆரோக்கியமானவருக்கு ஒரு நாள் உபவாசம் பெரிய ஆபத்து இல்லை என்பது இதனால்தான். பழையபேனா ஐயா சொன்ன "பிற்பகலுக்கு மேல் அடங்கிவிடும்" என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தையொட்டி ஏறும், அந்த நேரம் தாண்டினால் சாப்பிடாவிட்டாலும் இறங்கும்.

இன்சுலின் போடுபவருக்கு இந்த ஏற்பாடு நடக்காது. வெளியிலிருந்து ஏற்றிய இன்சுலினுக்கு இன்று ஏகாதசி என்று தெரியாது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு மாதிரி மாத்திரைகளிலும் இதே தொல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் பட்டினியில் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து தனி. அதற்காக ஊசியை நாமாகவே நிறுத்திவிடுவதும் கூடாது, சர்க்கரை எகிறி இன்னொரு பக்கம் கொண்டுபோய் விடும். அளவை மாற்ற வேண்டியது அவரைப் பார்க்கும் மருத்துவர். விரதத்துக்கு முந்தின நாள் ராத்திரி போன் போடாமல், நாலு வாரம் முன்பே போய் உட்கார்ந்து பேசுங்கள்.

அன்றைக்கு வீட்டிலேயே பலமுறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே ஏறினாலோ விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டியதுதான், மணி என்ன ஆனாலும். வியர்த்துக் கொட்டுவது, கை நடுங்குவது, சம்பந்தமில்லாமல் பேசுவது இதெல்லாம் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். "விரதம்னா கொஞ்சம் தள்ளாட்டமாத்தான் இருக்கும்" என்று வீட்டில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ஆபத்து. நீங்கள் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#6 தனிவழி

நான் நாத்திகன். ஆனாலும் இருக்கிறேன். 16 மணி நேரம் சாப்பாடு கிடையாது, மீதி 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுவேன். எடைக்காக ஆரம்பித்தது, கொஞ்சம் குறைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. எடை நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் கை தானாகக் குளிர்பெட்டிக் கதவைத் திறக்கும், கண் உள்ளே பார்க்கும், எதற்குத் திறந்தேன் என்றே தெரியாது. அதற்குப் பசி என்று பேர் வைத்திருந்தேன். அது பசியே இல்லை. நாள் முழுக்க அலுவலகத்தில் பிறர் சொன்னதைச் செய்துவிட்டு வந்தவனுக்கு அது ஒரு சம்பளம் மாதிரி. இப்போது கதவைத் திறப்பேன், மூடுவேன். யாரும் சொல்லி மூடவில்லை என்பதில் ஒரு திருப்தி.

அதோடு 16 மணி நேரம் தாண்டினால் செல்கள் தம் குப்பையைத் தாமே தின்று சுத்தம் செய்துகொள்கின்றன. அதைக் கண்டுபிடித்ததற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். முன்னோர் ஒன்றும் முட்டாள் இல்லை என்று சொல்ல எனக்கே கை வருகிறது, நாத்திகன் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

#7 ஆய்வுக்கூடம்

தனிவழி, கடைசிப் பத்தியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், மன்னிக்க. 2016இல் யோஷினோரி ஒசுமிக்கு நோபல் கிடைத்தது உண்மை. அவர் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில் அந்தச் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது, எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்பதை. விரதத்தின் பலனுக்கு அந்தப் பரிசு கொடுக்கவில்லை. மனிதனுக்குப் பதினாறாவது மணி நேரத்தில் ஒரு பொத்தான் விழுகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வாட்ஸப்பில் சுற்றுகிற மணிக்கணக்கு அட்டவணையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

எடை விஷயத்திலும் அடக்கி வாசிக்கலாம். 2022இல் சீனாவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு, பாதிப் பேருக்கு மட்டும் 8 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனை கூடுதல். எடை குறைந்ததில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. நேரக் கட்டுப்பாடு வைத்தால் சிலருக்குக் குறைவாகச் சாப்பிடுவது சுலபமாகிறது, அதனால் குறைகிறது. உங்கள் குளிர்பெட்டிக் கதை எனக்கு நோபலைவிட நம்பும்படி இருக்கிறது.

#8 தனிவழி

சரி, வாபஸ். குளிர்பெட்டி மட்டும் இருக்கட்டும்.

#9 சாம்பல்புதன்

கத்தோலிக்கன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தைப் பற்றி நாலு வரி. எங்களில் சட்டப்படியான நோன்பு இப்போது மிகச் சுலபம்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள், 18 முதல் 59 வயதுவரை, ஒரு முழு உணவும் இரண்டு சிறு உணவும். எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையோடு ஒப்பிட்டால் வெட்கமாக இருக்கும். அவர்கள் நாட்காட்டியில் பாதிக்கு மேல் நோன்பு நாட்கள், அன்று இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது.

நான் இருப்பது, வீட்டில் எல்லோரும் இருந்தார்கள் என்பதால்தான். அதை ஒரு காரணமாக யாரும் மதிப்பதில்லை, ஆனால் உலகத்தில் பாதி விரதம் அதனால்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். நாற்பது நாள் வீடு முழுக்க ஒன்றை விட்டுக்கொடுக்கும்போது நான் மட்டும் தனியாக உட்கார்ந்து தின்றால் தொண்டைக்குள் இறங்காது.

பிறைநிலா சொன்ன "யாருக்கும் தெரியாது" எங்களிடமும் உண்டு. நோன்பு இருக்கும்போது முகத்தைத் தொங்கப்போடாதே, தலைக்கு எண்ணெய் தடவு, முகம் கழுவு என்று மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். இப்போது நோன்பு தொடங்கியதும் முதலில் ஸ்டேட்டஸ் போடுகிறோம். நானும்தான்.

#10 கடைசிபெஞ்ச்

ஆரம்பத்தில் நக்கலாக எழுதினேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லாத நாட்கள் இருந்தன. யாரும் அதற்கு விரதம் என்று பெயர் வைக்கவில்லை. அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களைச் சீக்கிரம் படுக்கச் சொல்வார். இன்று எனக்கு வசதி இருக்கிறது, மனைவி விரதம் இருக்கிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். என்னால் முடியவில்லை. பசி வந்ததும் பழைய பயமும் கூடவே வந்துவிடுகிறது. நாளைக்கும் இருக்காதோ என்ற பயம். வீட்டில் சாமான் நிறைந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

அதனால் விரதத்தின் மகிமை பற்றி யாராவது பேசினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஆற்றுவார் ஆற்றல் பசியாற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்" என்று வள்ளுவர் போட்ட வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. பசியைப் பொறுப்பவன் பெரியவன்தான், ஆனால் அடுத்தவன் பசியைத் தீர்ப்பவனுக்குப் பின்னால்தான் அவனுக்கு இடம்.

#11 பிறைநிலா

கடைசிபெஞ்ச் அண்ணா, இதற்கு நான் வாதாட மாட்டேன். எங்களுக்கு எத்தனை மணிக்கு நோன்பு திறப்பது என்று நிமிடக் கணக்கில் தெரியும், அட்டவணை அடித்துச் சுவரில் ஒட்டியிருக்கும். உங்கள் அம்மா பானையைக் கவிழ்த்தபோது அப்படி ஒரு அட்டவணை இல்லை. இரண்டும் ஒரே வயிற்றில் நடந்தாலும் ஒன்றல்ல. நோன்பு வைத்தால் ஏழையின் பசி தெரியும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு குறைவது இதனால்தான். பசி தெரியும். ஏழ்மை தெரியாது.

ஆனால் வள்ளுவர் வரிசை எங்களிடமும் உண்டு. நோன்பு வைக்கவே முடியாத நிரந்தர நோயாளி, விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும். மாதம் முடிந்து பெருநாள் தொழுகைக்குப் போவதற்குள் ஃபித்ரா என்ற ஏழைகளுக்கான தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

#12 சாம்பல்புதன்

இதையே ஏசாயா 58ஆம் அதிகாரம் சூடாகக் கேட்கிறது: நீங்கள் இருப்பதா நோன்பு, பசித்தவனோடு உன் அப்பத்தைப் பகிர்வதல்லவா நான் விரும்பும் நோன்பு என்று. யூதர்கள் சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் யோம் கிப்பூர் நாளின் காலை வழிபாட்டிலேயே இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். பட்டினி கிடக்கிறவர்களை உட்காரவைத்து "இது போதாது" என்று படித்துக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

#13 பழையபேனா

அதே வள்ளுவர் இன்னொரு இடத்திலும் நம்மை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்திருக்கிறார். பொறையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள். உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தான், ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்தபடியாக என்கிறார். விரத நாளில் மகள் மேல் எரிந்து விழும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வரும், விழுந்த பிறகுதான் வரும்.

#14 ஆய்வுக்கூடம்

பிறைநிலா சொன்ன "முடிவு தெரிந்த பசி" பற்றி ஒரு இடையூறு. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார். போர்முனைக்குப் போக மறுத்து, மாற்றுப் பணியில் இருந்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். முழுப் பட்டினி அல்ல, சுமார் ஆறு மாதம் அரைவயிற்று உணவு. எப்போது முடியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் நாளாக ஆக எப்போதும் சாப்பாட்டு நினைப்புதான். சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிரிப்பு போனது, நட்பு போனது. ஆக முடிவு தெரிவது மட்டும் போதாது. அது கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும் போலிருக்கிறது. எந்த மதமும் ஆறு மாத அரைவயிற்றை விரதமாகக் கேட்காததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

#15 மேகமூட்டம்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு உணவுக் கோளாறு இருந்தது. சிகிச்சை எடுத்து இப்போது பரவாயில்லை. அந்தக் காலத்தில் நான் விரதங்களைத் தேடித் தேடிப் பிடித்தேன். சஷ்டி, பிரதோஷம், கிருத்திகை, தோழி வீட்டில் ரமலான் என்றால் அதுவும். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. "இந்த வயசுல என்ன பக்தி பாரு." யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரே ஒளிவிடம் அதுதான். சாப்பிட மாட்டேன் என்று சும்மா சொன்னால் அடி விழும், விரதம் என்றால் கும்பிடுவார்கள்.

இது புதிதும் அல்ல. இத்தாலியில் சியன்னாவின் புனித கேத்தரின் உணவை ஒறுத்து ஒறுத்து 1380இல் 33 வயதில் இறந்தார். பக்தியா நோயா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் என்னிடம் பார்த்ததைச் சொல்கிறேன். மற்றவர்கள் விரதம் முடியும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். எனக்கு அந்த நேரம் நெருங்க நெருங்கப் பதற்றம் வரும். முடிக்காமல் இருக்க ஏதாவது காரணம் தேடுவேன். அன்று ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நிற்பதற்குள் எடை பார்க்கும் இயந்திரத்தில் நின்றிருப்பேன். உங்கள் வீட்டில் பதின்வயதுப் பெண்ணோ பையனோ திடீரென்று விரதங்களைக் கூட்டிக்கொண்டே போனால் மெச்சுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

#16 வெள்ளைக்கோட்டு

மேகமூட்டம், எழுதியதற்கு நன்றி. உணவுக் கோளாறு இருந்தவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் யாருக்கும் 16 மணி நேரமும் வேண்டாம், 12 மணி நேரமும் வேண்டாம். உடம்புக்கு நல்லது என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

#17 வரலாற்றுப்பைத்தியம்

போராட்டத்துக்காக இருக்கும் உண்ணாவிரதத்தை மறந்துவிட்டீர்களே. லாகூர் சிறையில் விடுதலைப் போராட்ட வீரர் ஜதின் தாஸ் 63 நாள் இருந்து 1929 செப்டம்பர் 13இல் இறந்தார். வட அயர்லாந்துச் சிறையில் ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸ் 66ஆவது நாளில், 1981 மே 5இல். ஈழத்தில் திலீபன் 1987 செப்டம்பர் 15இல் தொடங்கித் தண்ணீரையும் மறுத்து 26ஆம் தேதி போய்விட்டார். தண்ணீர் உண்டா இல்லையா என்பதில் எத்தனை வாரம் அடங்கியிருக்கிறது பாருங்கள். மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000 நவம்பரிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை, மூக்கில் குழாய் வைத்து உணவு செலுத்தச் செலுத்த இருந்தார்.

மற்ற விரதங்கள் யாரும் பார்க்காதபோதுதான் உண்மையாகும் என்று மேலே இருவர் சொன்னார்கள். இது நேர் எதிர். பார்க்க ஆள் இல்லாவிட்டால் இதற்கு அர்த்தமே இல்லை. எதிராளிக்கு மனசாட்சி இருக்கிறது என்று உயிரைப் பணயம் வைத்து நம்புவது இது.

#18 கடைசிபெஞ்ச்

எதிராளிக்கு மனசாட்சி இல்லாவிட்டால்?

#19 நெறியாளர்

அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள், அரசியல் பேச ஆரம்பித்தால் இது நூறு பக்கம் போகும். சாகும்வரை உண்ணாதிருக்கும் சமணர்களின் சல்லேகனை நோன்பு பற்றி வந்த இரண்டு பதிவுகளையும் அங்கே மாற்றியிருக்கிறேன். (2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தடை செய்ததும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை போட்டதும் வரை சரிபார்த்துவிட்டேன், மீதியை அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.)

#20 அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை.

பழையபேனா ஐயாவின் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேரம், மனைவி, நீளமான நாள் எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னது இது, முடிந்தவரை அவர் வார்த்தையிலேயே: "உங்க அப்பாவுக்கு என்ன வேணும், உனக்கு என்ன வேணும், மாத்திரைக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன, எல்லாம் யாரோ சொல்லித்தான் நடக்குது. அந்த ஒரு நாள் நான் வேணாம்னு சொன்னா வேணாம்தான். அதுலயும் வந்து கை வைக்காதடா."

சாமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இத்தனை வருடம் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன் என்றதற்கு, "நிறுத்தச் சொன்னா எழுந்து வந்துருவேன்" என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்.

#21 கிணற்றடி

இடையில் புகுகிறேன், கோபம் வேண்டாம். உங்கள் அம்மா சொன்னதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் ஒரு கேள்வி. வருடம் முழுக்கத் தன் விருப்பம் ஒன்றுகூட நடக்காத பெண்ணுக்கு, தன் விருப்பம் என்று காட்ட மிஞ்சியது தன் வயிறு மட்டும்தானா? கணவனுக்காக, பிள்ளைக்காக, கல்யாணம் ஆவதற்காக என்று பெண்கள் இருக்கும் விரதப் பட்டியலை எடுங்கள். மனைவிக்காக ஆண் இருக்கும் விரதம் எத்தனை? பழையபேனா ஐயா இருந்தார், அபூர்வம், வணங்குகிறேன். மற்றபடி இது பெண்கள் தலையில் கட்டிய வேலை. அதையே அவர்கள் தம் சுதந்திரமாக மாற்றிக்கொண்டிருந்தால் அது அவர்கள் சாமர்த்தியம், விரதத்தின் பெருமை இல்லை.

#22 பிறைநிலா

அவர் சாமர்த்தியம்தான் என்றால், அதை அவரிடமிருந்து நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

#23 கிணற்றடி

பிடுங்கச் சொல்லவில்லை அக்கா. மீதி நாட்களிலும் அவர் "வேண்டாம்" என்றால் வீட்டில் எடுபட வேண்டும் என்கிறேன். அரைத்தூக்கம் அதற்கு மருத்துவரிடம் போக வேண்டியதில்லை.

#24 அரைத்தூக்கம்

புரிகிறது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

#25 தனிவழி

இழை சூடாக இருக்கும்போதே ஒன்று கேட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் தண்ணீர் மட்டும் குடித்து ஐந்து நாள் இருந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். வெள்ளைக்கோட்டு சார், எந்த நோயும் இல்லை, மாத்திரை எதுவும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஒருவர் 382 நாள் இருந்தார் என்று படித்தேன், ஐந்து நாள் என்ன பெரிய விஷயம்?

#26 வெள்ளைக்கோட்டு

அங்கஸ் பார்பியரி, 1965, 66. நடந்தது உண்மை. 207 கிலோவில் தொடங்கி 82 கிலோவுக்கு வந்தார். அந்த 382 நாளும் மருத்துவமனைக் கண்காணிப்பு, வைட்டமின், இடையிடையே சோடியம், பொட்டாசியம், ரத்தப் பரிசோதனை. அவர் உடம்பில் கரைக்க அவ்வளவு கொழுப்பு இருந்தது. உங்களிடம் இல்லை.

ஐந்து நாளை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள். இருக்கும்போது வருவதைவிட, முடித்துவிட்டுச் சாப்பிடும்போது வரும் ஆபத்துதான் பலருக்குத் தெரியாது. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய மாவுச்சத்து இறங்கினால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து கைதி முகாம்களிலிருந்து மீட்டவர்களில் சிலர் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இறந்தது இப்படித்தான். ஐந்து நாளில் எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் அந்த வரம்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

#27 மேகமூட்டம்

தனிவழி, எதற்கு ஐந்து நாள்? எடைக்கு இல்லை என்றீர்கள், குளிர்பெட்டிக் கதவுக்கு ராத்திரி பத்து மணி போதுமே.

#28 தனிவழி

உண்மையைச் சொல்லவா? அலுவலகத்தில் ஒருவன் மூன்று நாள் இருந்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

#29 சாம்பல்புதன்

தலைக்கு எண்ணெய் தடவச் சொன்னதே இதற்குத்தான்.

#30 தனிவழி

விட்டுவிட்டேன். ஐந்து நாளை.